ஸ்பேசரா, நீள ஆக்ஸிலா? இரண்டையும் மாட்டி ஓட்டிப் பார்த்த கதை

மூன்று சக்கர வண்டி என்றதும் ஆட்டோ ஞாபகம் வந்தால், இது அது இல்லை. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று பலூன் மாதிரி உப்பிய டயர்கள், பைக் போல ஹேண்டில்பார், மணலிலும் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே செய்தது. ஹோண்டா 1970ல் யுஎஸ்90 என்று ஆரம்பித்து அப்புறம் ஏடிசி என்று பெயர் மாற்றியதே, அந்த வம்சம். என்னிடம் இருப்பது 1985 மாடல் ஏடிசி 200எக்ஸ். இதன் பின்பக்கத்தை அகலமாக்க முதலில் ஒரு ஜோடி 2 இன்ச் ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ள அதற்கு உள்பக்கம் வைக்கும் தடித்த வட்டு, வாங்கினேன், அதில் கொஞ்ச நாள் ஓட்டினேன், அதைக் கழற்றிவிட்டு நீளமான ஆக்ஸில், அதாவது இரண்டு பின் சக்கரமும் மாட்டியிருக்கும் கம்பி, போட்டேன். இரண்டிலும் சேர்த்து ஒன்றரை வருஷம் ஓட்டியாயிற்று. எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஸ்பேசருக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை, ஆக்ஸிலுக்கு நாலு. ஆனால் இரண்டுக்கும் முன்னால் நான் மாற்றியிருக்க வேண்டியது பேரிங். அது ஏன் என்று கீழே வருகிறது.

எனக்கு அகலம் வேண்டும் என்று தோன்றியது ஒரு பக்கச் சரிவில். நேராக ஏறுவதோ இறங்குவதோ இந்த வண்டிக்குப் பெரிய விஷயமே இல்லை, சரிவுக்குக் குறுக்காகப் போகும்போதுதான் வயிற்றைக் கலக்கும். மேல் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறியது, வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாக, கீழ்ப் பக்கம் சாய ஆரம்பித்தது. நான் மேல் பக்கமாகக் குதித்துத் தப்பினேன், வண்டி இரண்டு சுற்று உருண்டு ஹேண்டில்பார் வளைந்து கிடந்தது. அன்று ராத்திரியே ஸ்பேசர் ஆர்டர் போட்டுவிட்டேன். கோபத்தில் வாங்கும் பாகம் எதுவும் உருப்படாது என்று அப்போது தெரியவில்லை.

வாங்குவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய கணக்கை வாங்கி மூன்று மாதம் கழித்துதான் போட்டுப் பார்த்தேன். நான்கு சக்கர வண்டியில் பக்கத்துக்கு 2 இன்ச், அதாவது 5 செ.மீ. அகலம் கூட்டினால் அந்த 5 செ.மீ. முழுவதும் கவிழாமல் நிற்பதற்கு உதவும். மூன்று சக்கரத்தில் அப்படி நடக்காது. வண்டி கவிழும்போது அது உருளும் கோடு, முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து பின்பக்க வெளிச் சக்கரம் தொடும் இடத்துக்குச் சாய்வாகப் போகிறது, முக்கோணத்தின் ஒரு பக்கம் மாதிரி. பின்னால் 5 செ.மீ. தள்ளினாலும் முன்னால் அந்தக் கோடு நகர்வதே இல்லை. ஆள் உட்கார்ந்த நிலையில் எடையின் மையம் முன் சக்கரத்திலிருந்து ஐந்தில் மூன்று பங்கு தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் உங்களுக்குக் கிடைப்பது 5ல் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 3 செ.மீ. அவ்வளவுதான். மையத்தின் உயரம் 65 செ.மீ., பின் சக்கரங்களுக்கு நடுவே 80 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் வண்டி தாங்கும் சாய்வு சுமார் 20 டிகிரியிலிருந்து 22 டிகிரிக்கு மேல் கொஞ்சம் போகும். டயர் நசுங்குவது, ஷாக் அமுங்குவது எதுவும் இந்தக் கணக்கில் சேர்த்தி இல்லை.

இப்போது இன்னொரு கணக்கு. வண்டி 130 கிலோ, நீங்கள் 70 கிலோ. சீட்டிலிருந்து எழுந்து உடம்பை மேல் பக்கமாக 20 செ.மீ. நகர்த்துங்கள், அது பெரிய தூரமே இல்லை, இடுப்பை நகர்த்தினாலே வந்துவிடும். மொத்த எடையின் மையம் 7 செ.மீ. நகர்கிறது. ஸ்பேசர் தரும் 3 எங்கே, உடம்பு தரும் 7 எங்கே. நான் உருட்டிய அன்று ஆணி அடித்த மாதிரி சீட் நடுவில் உட்கார்ந்திருந்தேன் என்பது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது, நண்பன் அதை இன்னும் அழிக்கவில்லை.

இதனால் அகலமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மணலில் வேகமாகப் பின்பக்கத்தை வழுக்கிக்கொண்டு திரும்பும்போது திடீரென்று டயர் பிடித்துக்கொண்டு வண்டி தூக்கிப் போடுமே, அந்த இடத்தில் அகலம் நிஜமாகவே காப்பாற்றும். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை ஸ்பேசர் விற்பவர் யாரும் எழுதுவதில்லை. இந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே கம்பியில், ஒரே வேகத்தில் சுற்றும். திரும்பும்போது உள் சக்கரம் குறைந்த தூரம் போக வேண்டும், போக முடியாது, அதனால் வண்டியை நேராகவே தள்ளும். முன்னால் இருக்கும் ஒற்றை டயர்தான் அந்தத் தள்ளலை எதிர்த்துத் திருப்ப வேண்டும். பின்பக்கம் எவ்வளவு அகலமோ அவ்வளவு தள்ளல். உடம்பைச் சாய்த்து உள் சக்கரத்தை லேசாகத் தூக்கித்தான் இந்த வண்டியைத் திருப்புவோம், அகலம் கூடினால் அந்தச் சக்கரம் தூக்க மாட்டேன் என்கிறது. ஸ்பேசர் போட்ட முதல் நாள் நான் ஹேண்டிலை முழுக்கத் திருப்பியும் வண்டி நேராகப் போய் ஒரு புதரில் நின்றது. பிரேக் இல்லையோ என்று நினைத்தேன். பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

சரி, ஸ்பேசர் விமர்சனத்துக்கு வருகிறேன்.

நான் வாங்கியது அலுமினியம், பக்கத்துக்கு 2 இன்ச், போல்ட் போட்டு மாட்டும் வகை. ஆக்ஸில் முனையில் சக்கரம் உட்காரும் பாகம் ஹப், அதில் நீட்டிக்கொண்டிருக்கும் மரை போட்ட ஸ்டட்டில் ஸ்பேசரை மாட்டி நட்டு முடுக்க வேண்டும், ஸ்பேசரிலேயே இருக்கும் வேறு நாலு ஸ்டட்டில் சக்கரத்தை மாட்ட வேண்டும். இன்னொரு வகை இருக்கிறது, நடுவில் தட்டு மாதிரி செருகி நீளமான ஸ்டட் போடுவது. அது மெல்லியதாக இருந்தால் பரவாயில்லை, 2 இன்ச்சுக்கு அந்த வகை வாங்கவே வாங்காதீர்கள், ஸ்டட் எல்லாம் வளைவதற்கென்றே நீட்டிக்கொண்டு நிற்கும். போல்ட் வகையிலும் 1 இன்ச்சுக்குக் கீழே போனால் ஹப் ஸ்டட்டின் முனை ஸ்பேசருக்கு வெளியே துருத்தும், ரிம் உட்காராது.

பெட்டியைத் திறந்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது, கறுப்பு பாலிஷ், ஓரமெல்லாம் வழவழப்பு. ஸ்டட் துளை அளவு சரியாக வந்ததற்குக் காரணம் நான் அளந்து வாங்கியதுதான். இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாலு துளையில் எதிரெதிர் துளைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. 110 மி.மீ., 115 மி.மீ. இரண்டும் இந்த வகை வண்டிகளில் சகஜம், கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து எதிர்த் துளையின் இடது விளிம்பு வரை வெர்னியர் வைத்து அளந்தால் மையத்தைத் தேட வேண்டிய வேலை இல்லை. ஒருவர் 115 ஸ்பேசரை 110 ஹப்பில் சுத்தியலால் தட்டி ஏற்றியதை நேரில் பார்த்திருக்கிறேன். ஏறியது. அதுதான் பயமாக இருந்தது. ஸ்டட்டின் மரையையும் பாருங்கள், ஜப்பான் வண்டிகள் பலவற்றில் 10 மி.மீ., 1.25 பிட்ச், அதாவது மரைக்கு மரை 1.25 மி.மீ. இடைவெளி, வரும், கூடவே வரும் நட்டு கையாலேயே கடைசி வரை சுலபமாகச் சுற்ற வேண்டும், நடுவில் இறுகினால் அது வேறு பிட்ச்.

மாட்டுவது அரை மணி நேர வேலை, இது ஸ்பேசரின் பெரிய பிளஸ். இரண்டு சக்கரத்தைக் கழற்றி, நட்டு முடுக்கி, திரும்ப மாட்டினால் முடிந்தது. பிடிக்காவிட்டால் கழற்றியும் விடலாம், வண்டி பழையபடி ஆகிவிடும்.

மைனஸ் இங்கேதான் ஆரம்பிக்கிறது. மூன்றாவது தடவை ஓட்டும்போது பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து டக் என்று ஒரு சத்தம். விட்டால் இன்னொரு டக். நட்டு எல்லாவற்றிலும் மஞ்சள் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருந்தேன், நட்டு சுற்றினால் கோடு உடைந்து தெரியும். வெளியே தெரிந்த நாலு நட்டும் சரியாக இருந்தன. உள்ளே ஹப் பக்கம் இருக்கும் நாலு நட்டைப் பார்க்க வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும், ஸ்பேசரில் எனக்குப் பிடிக்காத முதல் விஷயமே இதுதான், எது கழன்றால் சக்கரமே போகுமோ அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கழற்றினேன். இடது பக்கம் இரண்டு நட்டில் கோடு கால் சுற்று நகர்ந்திருந்தது. ஸ்பேசரை எடுத்துப் பார்த்தால் உட்காரும் முகத்தில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி அலுமினியத் தூள், ஒரு துளை லேசாக முட்டை வடிவத்துக்குப் போக ஆரம்பித்திருந்தது.

தப்பு பாதி என்னுடையது. ஹப்பின் முகத்தில் பழைய பெயிண்டும் துருவும் இருந்ததைச் சுரண்டாமல் அப்படியே மாட்டியிருக்கிறேன். அந்தப் பெயிண்ட் அடுக்கு அழுத்தத்தில் நசுங்க நசுங்க நட்டின் பிடி தளர்ந்துவிட்டது. வயர் பிரஷ் போட்டு உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, மரையில் நட்டு கழலாமல் ஒட்டும் நடுத்தர வகை லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, டார்க் ரெஞ்ச் வைத்துச் சர்வீஸ் மேனுவலில் போட்ட அளவுக்கு, குறுக்குக் குறுக்காக முடுக்கினேன். அப்புறம் முதல் 10 கிலோமீட்டரில் ஒரு தடவை, அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். அதன் பிறகு நட்டு நகரவில்லை. டக் சத்தம் மட்டும் போகவில்லை.

லேத் வேலை செய்யும் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் வண்டியைக் காட்டினேன். அவர் நட்டையெல்லாம் பார்க்கவே இல்லை. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். ‘தம்பி, ஸ்பேசர் மேல ஏன் பழி போடறே, உள்ள பேரிங் செத்து ரொம்ப நாளாச்சு. மொதல்ல சக்கரம் கிட்ட இருந்துச்சு, ஆட்டம் தெரியல. இப்ப வெளிய தள்ளி வச்சதால தெரியுது’ என்றார்.

இந்த வண்டியில் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் பேரிங் இரண்டும் நடுவில், கேரியர் என்கிற கூட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, ஆக்ஸில் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கிறது. முன்பு சொன்ன வண்டியும் ஆளும் சேர்ந்த 200 கிலோவில் பின்னால் ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 120, ஒரு சக்கரத்துக்கு 60. பேரிங்கிலிருந்து சக்கரத்தின் நடு வரை 25 செ.மீ. என்றால் வளைக்கும் விசை 60 பெருக்கல் 25, அதாவது 1500. 5 செ.மீ. தள்ளினால் 1800. ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது, அதுவும் வண்டி சும்மா நிற்கும்போது. ஒரு குதி குதித்து ஒற்றைச் சக்கரத்தில் இறங்கினால் எவ்வளவு என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூடுதல் பளு ஸ்பேசர் போட்டாலும் வரும், நீள ஆக்ஸில் போட்டாலும் வரும், ரிம்மை மாற்றி வெளியே தள்ளினாலும் வரும். சக்கரம் எவ்வளவு வெளியே போனது என்பதுதான் பேரிங்குக்குத் தெரியும், எதனால் போனது என்று அதற்குத் தெரியாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: ஸ்பேசரில் அந்தக் கூடுதல் விசை பழைய ஹப், அதை ஆக்ஸிலோடு கோக்கும் பற்களான பழைய ஸ்பிளைன், பழைய ஸ்டட் வழியாகப் பழைய ஆக்ஸிலுக்குப் போகிறது. நீள ஆக்ஸிலில் ஹப் பக்கம் பளு கூடுவதே இல்லை, கூடுவது ஆக்ஸிலின் நடுவில்தான், அந்த ஆக்ஸில் புதியது, பெரும்பாலும் குரோம்-மோலி எஃகு. விட்டமும் கொஞ்சம் கூட இருந்தால் இன்னும் நல்லது, வளைவைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்குப் போகும், அதனால் 6 சதவீதம் தடிமன் கூடினாலே அந்த ஐந்தில் ஒரு பங்கு சரியாகிவிடும்.

‘பழைய’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1988ல் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தோடு பெரிய கம்பெனிகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தோடு புது மூன்று சக்கர வண்டி விற்பனை நின்றுபோனது. இன்று ஓடும் ஹோண்டா, யமஹா, கவாஸாகி எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட நாற்பது வயசு. நாற்பது வயசு ஹப்பில் புது ஸ்பேசரை மாட்டி, ஆடுகிறது என்று ஸ்பேசர் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது நியாயமில்லை. நான் எழுதினேன்.

ஆக்ஸில் கதை இது. பழையதைக் கழற்றவே இரண்டு நாள் ஆனது. ஹப் நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் காட்டர் பின் துருப்பிடித்து உடைந்துவிட்டது, ஹப் ஸ்பிளைனில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது, துரு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைத்து, புல்லர் போட்டு, கொஞ்சம் சூடும் காட்டிய பிறகு துப்பாக்கி சுட்ட மாதிரி ஒரு சத்தத்தோடு வந்தது. சுத்தியலால் ஆக்ஸில் முனையில் அடிக்க வேண்டாம், மரை காளான் மாதிரி விரிந்துவிடும், அவசரமென்றால் நட்டை முனை மட்டத்துக்குச் சுற்றிவிட்டு மேலே மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். ஆக்ஸிலை உருவி எடுத்துத் துடைத்ததும் பேரிங் உட்காரும் இடத்தில் விரலை ஓட்டினேன், நகம் மாட்டியது. பேரிங்கின் உள் வளையம் ஆக்ஸிலோடு சேர்ந்து சுற்றாமல் அதன் மேலேயே வழுக்கிச் சுற்றிப் பள்ளம் போட்டிருக்கிறது. லேத்தில் ஏற்றி டயல் கேஜ் வைத்தால் ஒரு முனையில் 1.8 மி.மீ. ஆட்டம். இத்தனை நாள் இதன் மேல்தான் உட்கார்ந்து மலை ஏறியிருக்கிறேன்.

புது ஆக்ஸில் ஆன்லைனில் வாங்கியது, விற்றவர் பெயர் வேண்டாம், ஏனென்றால் முதலில் வந்தது தப்பான ஆக்ஸில். நீளம் சரி, முனை ஸ்பிளைன் சரி, பிரேக் ஹப் உட்காரும் ஸ்பிளைனில் பல் எண்ணிக்கை ஒத்துவரவில்லை. ஒரே மாடல் பெயரில் வருஷத்துக்கு வருஷம் மாற்றங்கள் வந்திருக்கும், விளம்பரத்தில் 83லிருந்து 87 வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று ஒரே வரியில் போட்டுவிடுகிறார்கள். நீங்களே ஹப்பில் ஒரு பல்லில் சாக்பீஸ் வைத்து எண்ணி, அந்த எண்ணிக்கையை எழுதிக் கேளுங்கள். சக்கர ஹப், ஸ்ப்ராக்கெட் ஹப், பிரேக் ஹப் மூன்றையும் எண்ணுங்கள். எனக்கு மூன்று மெயில் அனுப்பிய பிறகு மாற்றிக் கொடுத்தார்கள், நடுவில் ஒரு மாதம் வண்டி செங்கல் மேல் நின்றது.

இரண்டாவதாக வந்த ஆக்ஸில் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மொத்த அகலம் 4 இன்ச் வரை கூட்டலாம், கூடவே வரும் வளையங்களை மாற்றி மாற்றிப் போட்டால் 2 இன்ச்சிலும் நிறுத்தலாம். இந்தச் சரிக்கட்டும் வசதி இருக்கிற ஆக்ஸிலாகப் பார்த்து வாங்குங்கள், இல்லாததை வாங்காதீர்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். ஸ்பிளைன் இறுக்கமாக, கையால் தள்ளினால் பாதி வரை போய் அதற்குப் பிறகு நட்டால் இழுத்து உட்கார வைக்கும்படி இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். புது பேரிங், புது சீல், கேரியருக்குள் கிரீஸ், ஸ்பிளைனில் துருப்பிடித்து ஒட்டாமல் காக்கும் ஆன்டி-சீஸ் பசை. ஆக்ஸிலை இடத்தில் பிடித்து வைக்கும் பெரிய ஜோடி நட்டு இருக்கிறதே, உள் நட்டை முதலில் முடுக்கி, அதை அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டை அதன் மேல் முடுக்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்யாமல் விட்டால் ஆக்ஸில் பக்கவாட்டில் ஆடி, ஸ்பிளைனைத் தின்று, புது ஆக்ஸிலையும் ஒரு மாதத்தில் பழையதாக்கிவிடும்.

முதல் ஓட்டம். டக் சத்தம் இல்லை. முழு 4 இன்ச்சில் மணலில் அருமையாக இருந்தது, வழுக்கிக்கொண்டே போய் நினைத்த இடத்தில் நின்றது. மரங்களுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில் எரிச்சல். முன் சக்கரம் போன இடத்தில் பின் சக்கரம் போகாது என்பது இந்த வண்டியின் ஜாதகம், அகலம் கூட்டியதும் கண்ணுக்குத் தெரியாத அந்தச் சக்கரம் இன்னும் வெளியே போய் ஒவ்வொரு வேரையும் கட்டையையும் தேடிப் பிடித்து இடிக்கிறது, இடித்தால் வண்டி அந்தப் பக்கமே வெட்டித் திரும்பும். இன்னொன்று, இது விளையாட்டு இல்லை: பயத்தில் காலைத் தரையில் ஊன்றும் பழக்கம் பைக் ஓட்டியவர்களுக்கு இருக்கும். மூன்று சக்கரத்தில் அப்படி ஊன்றினால் பின் டயர் கணுக்காலில் ஏறும். அகலம் கூட்டிய பிறகு, முன்பு தப்பித்த தூரத்தில் வைத்த காலும் இப்போது டயருக்கு நேர் முன்னால் இருக்கும். என் ஷூவின் குதிகால் ஒரு தடவை டயரில் மாட்டிப் பிய்ந்தது, கால் பிழைத்தது. கால் வழுக்கினாலும் டயருக்கு முன்னால் போகாதபடி தடுக்கும் நெர்ஃப் பார் இல்லாமல் அகலம் கூட்டவே கூட்டாதீர்கள்.

கடைசியில் என்ன ஆயிற்று என்றால், வளையங்களை மாற்றி மொத்தம் 2 இன்ச்சுக்கு, அதாவது பக்கத்துக்கு 1 இன்ச்சுக்குக் குறைத்துவிட்டேன். வாங்கியதில் பாதி. இப்போது வண்டி திரும்புகிறது, மணலிலும் நிற்கிறது. இதற்காகத்தான் சரிக்கட்டும் ஆக்ஸில் வாங்கச் சொன்னேன்.

பக்கத்துக்கு 1 இன்ச்தான் வேண்டும் என்று முன்பே தெரிந்திருந்தால் ரிம்மையே பார்த்திருக்கலாம். 8 இன்ச் அகல ரிம்மில் மாட்டும் தட்டு நடுவில், உள்ளே 4 வெளியே 4 என்று இருந்தால், உள்ளே 3 வெளியே 5 உள்ள ரிம் வாங்கினால் சக்கரம் பக்கத்துக்கு 1 இன்ச் வெளியே போய்விடும். நடுவில் எந்த ஜாயிண்டும் இல்லை, மறைந்த நட்டு இல்லை, ஆக்ஸிலைத் தொட வேண்டாம். எப்படியும் ரிம் வளைந்துபோய் மாற்றப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் யோசனை. பேரிங் பளு கூடும் என்பது இதற்கும் உண்டு, முன்பே சொன்னேன். சிலர் இருக்கிற ரிம்மையே திருப்பி மாட்டுகிறார்கள், நட்டு உட்காரும் சரிவு அந்தப் பக்கமும் வெட்டியிருந்தால் ஒழிய அதைச் செய்யாதீர்கள், காற்று வால்வும் உள்பக்கம் போய்விடும்.

காற்று என்றதும் ஞாபகம் வந்தது. காசே செலவில்லாமல் பார்க்க வேண்டியது டயர் காற்று. பழைய பலூன் டயர்களுக்கு 2 பிஎஸ்ஐ ஒட்டித்தான் காற்று, சாதாரண கேஜில் முள் அசையவே அசையாது, குறைந்த அளவு காட்டும் தனி கேஜ் வேண்டும். ஒரே கம்பியில் இரண்டு சக்கரமும் சுற்றுவதால் இரண்டு டயரின் சுற்றளவும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்று பெரிதாக இருந்தால் வண்டி எப்போதும் சின்ன டயர் பக்கமாக இழுக்கும். டேப் வைத்து அளந்து, காற்றைக் கூட்டிக் குறைத்துச் சமமாக்குங்கள். என் வண்டியில் இரண்டுக்கும் 3 செ.மீ. வித்தியாசம் இருந்தது, அதையும் கொஞ்ச நாள் ஸ்பேசர் மேல்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் ஸ்பேசரை யார் வாங்கலாம்? மெதுவாக ஓட்டுகிறவர்கள், குதிக்காதவர்கள், பேரிங்கும் ஹப்பும் நல்ல நிலையில் இருப்பவர்கள், அகலம் தனக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள். பக்கத்துக்கு 1 இன்ச், அதிகம் போனால் ஒன்றரை. வார்த்தது வேண்டாம், ஒரே கட்டியிலிருந்து கடைந்ததாகப் பாருங்கள், நடுத் துளை ஹப்பின் மேட்டில் கச்சிதமாக உட்கார வேண்டும், ஸ்டட் மட்டுமே எடையைத் தாங்கும்படி தொளதொளவென்று இருக்கக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னாலும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கும் பொறுமை இல்லையென்றால் வாங்காதீர்கள். வேகமாக ஓட்டுகிறவர்கள், குதிக்கிறவர்கள், ஆக்ஸிலில் ஏற்கெனவே பள்ளமோ வளைவோ உள்ளவர்கள் நேராக ஆக்ஸிலுக்குப் போங்கள், பழையதற்கு எப்படியும் செலவழிக்கத்தான் போகிறீர்கள். ஆக்ஸிலோடு ஸ்பேசரும் சேர்த்துப் போடலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போடலாம், ஆம்புலன்ஸ் நம்பரையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் ஸ்பேசர்கள் ஷெல்ஃபில் கிடக்கின்றன, முட்டை வடிவத் துளை உள்ளதை யாரும் கேட்டாலும் கொடுக்கப் போவதில்லை. ஆக்ஸிலுக்கு அஞ்சில் நாலு கொடுத்து ஒன்று குறைத்தது சேற்றுக்காக. டயர் மட்கார்டுக்கு வெளியே வந்துவிட்டதால் மழை நாளில் சேறு நேராக முதுகில், ஹெல்மெட்டின் பின்பக்கத்தில், சில சமயம் காதுக்குள். பழைய ரப்பர் பாய் ஒன்றை வெட்டி மட்கார்டு ஓரத்தில் ரிவெட் அடித்திருக்கிறேன், இடது பக்கம் நன்றாக நிற்கிறது, வலது பக்கத்தை நேற்று டயர் இழுத்துத் தின்றுவிட்டது.